சுண்டு விரல் நகத்தளவு தூரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் பழையபடிதான். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆளைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். பாதிப் படிகள் என் பங்கு. அங்கே நீங்களும் என் மகளும், உங்கள் அம்மாவும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கையோடு பதில் போட்டிருக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் வானிலையைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம் இருந்தது. உங்கள் அத்தை அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல மேகம் இருக்கு, பனி இருக்கு, காத்து இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். அதையும் கிழித்துப் போட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. வயசுக்குத் தகுந்த வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆகவே இதையே எழுதிவிட்டு மேலே போகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், என்னை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனீர்கள். விமானம் நேரத்துக்கு வந்து இறங்கியது. கடைசிப் பயணி வந்து, பின்னாலேயே பணிப்பெண்களும் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் என் மகள், "அப்பா போன் பண்ணாங்க, ஃப்ளைட் ரத்தாயிடுச்சாம்" என்று சொல்கிறாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, அங்க போர்டுலயும் அப்படித்தான் போட்டிருந்தாங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். முகம் பார்த்திராத ஒரு மாமனாருக்காக நீங்கள் சொன்ன முதல் பொய்.

இதை எனக்கு எழுதியது குத்திக்காட்டுவதற்காக இல்லை என்று புரிகிறது. என் மரியாதை அங்கே பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லிஃப்ட் ரிப்பேர் வேலையைச் சொல்லி, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கதவைத் திறந்ததும் "நான் ஒண்ணையும் அமுக்கல" என்றுதான் ஆரம்பிப்பார்கள், யார் எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று நான் கேட்பதே இல்லை, முதலில் ஆளை வெளியே எடுப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். உங்கள் அத்தை கடிதத்தை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியாதபடி ஒன்று நடந்திருக்கிறது. முந்தாநாள் என் மகள் அவள் அம்மாவிடம் போனில் பேசும்போது, விமானக் கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னாளாம். பெற்ற தகப்பனைக் கல்யாணத்துக்கு வரவிடாமல் நடுவழியில் உட்கார வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காட்டமாக எழுதியிருக்கிறாளாம். உங்களிடம்கூடச் சொல்லவில்லையாம், பதில் வந்ததும் காட்டலாம் என்று இருக்கிறாளாம். அவர்கள் பதில் போடுவார்கள் மாப்பிள்ளை. அம்மணி, அன்றைக்கு எங்கள் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, உங்கள் தகப்பனார்தான் ஏறவில்லை என்று அச்சடித்த தாளில் வரும். அது வருவதற்குள் அவள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அந்தப் புகாரை எழுதாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருப்பேனா என்று கேட்காதீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் டிக்கெட் புக்கிங் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, வாலை ஒட்டுப்போட்ட ஒரு பொம்மை விமானம், சுவர் முழுக்க உலகப் படம். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், எங்கே இறங்கி எதில் மாற வேண்டும் என்று கேட்டால் விமான நேரப் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வேன். தெருவில் என்னைப் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சார், எத்தனை தடவை போயிருப்பீங்க?" என்று யாராவது கேட்டால், எண்ணிக்கையை விட்டுவிட்டேன் என்பது போலக் கையை விசிறிக் காட்டுவேன்.

இந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பும்வரை ஒரு தடவைகூட ஏறியதில்லை. இது உங்கள் அத்தைக்கு மட்டும் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. சின்ன வயதில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மேகத்துக்குள் போகும்போது ஜன்னல் எப்படி வெளுத்துப்போகும் என்றெல்லாம் அளந்திருக்கிறேன்.

உங்கள் அத்தையால் அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் வர முடியாது என்று நான் மட்டும் கிளம்பினேன். என் பயணத்தை நானே போட்டேன். நடுவில் ஒரு பெரிய நகரத்தில் மாற வேண்டும். அங்கே இரண்டு விமான நிலையங்கள். வடக்குக் கோடியில் இருப்பதில் இறங்கி, தெற்குக் கோடியில் இருப்பதில் ஏற வேண்டும். என் சுவர்ப் படத்தில் அந்த இரண்டும் சேர்ந்து என் சுண்டு விரல் நகத்துக்குள் அடங்கிவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் நகத்தை வைத்துக் காட்டுவேன். நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம், பெட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது தானாக மாறிவிடும், நீங்கள் கையை வீசிக்கொண்டு போகலாம் என்பேன். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒரு தடவை அங்கே விமானத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் அழுதபோது, "நீங்க எங்கயாவது வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னிருப்பீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். ஒரே ஊருக்குள் நிலையம் மாறினால் அவரவர் பெட்டியை அவரவரே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன்.

முதல் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊஞ்சலில் ஆடுவது போல இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அது மேலே எழும்பியதும் கண்ணை இறுக மூடியவன், இறங்கும்வரை திறக்கவில்லை. நடுவில் வயிற்றைப் பிரட்டியது. முன்னால் இருக்கிற பையில் அதற்கென்றே காகித உறை வைத்திருப்பார்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அந்த நேரத்துக்கு என் கைக்கு அகப்படவில்லை. சட்டை முழுக்க ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா பாவம், கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "முதல் தடவையா?" என்று கேட்டார். இல்லை, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்.

இறங்கியதும் குழாயடியில் சட்டையைக் கழுவினேன். கறை பரவியதுதான் மிச்சம். எல்லோரும் பெட்டிக்காகக் கூடி நிற்பதைப் பார்த்து, விவரம் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் என்று புத்தகம் போட்டிருந்த வழி ஊருக்கு நடுவே போகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் ரோட்டைக் கடந்து தீரவேயில்லை. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கண்டக்டரிடம் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினேன். "நான் என்ன சார் இறங்கித் தள்ளவா முடியும்?" என்றார்.

அப்படியும் நேரம் இருந்தது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நேரம் இருந்தது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டாள். அது வந்துவிடும், நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வடக்கு நிலையத்துக்குப் போன் போட்டாள். பெட்டி அங்கேயே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். "பரவாயில்லை சார். நீங்க ஏறுங்க. பெட்டியை நாளைக்கு நாங்க அனுப்பி வைக்கிறோம்" என்றாள்.

ஏறியிருக்கலாம். என் மகள் கல்யாணத்துக்குக் கையில் பெட்டி எதற்கு? ஆனால் அந்தக் கவுண்டர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கறை படிந்த சட்டை, கிட்டே வந்தால் நாற்றம். இந்தக் கோலத்தில் உங்கள் அப்பா அம்மா முன்னால் போய் நிற்பதா, பைலட் என்று பேர் வாங்கியவன் முதல் தடவையிலேயே வாந்தி எடுத்தவனாகப் போய் இறங்குவதா என்றுதான் எனக்குத் தோன்றியது. பெட்டிக்குள் கோட்டு இருந்தது. தையல்காரர் கல்யாணத்துக்கென்றே அளவெடுத்து, மூன்று தடவை போட்டுப் பார்த்துத் தைத்தது.

போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நாற்பது கிலோமீட்டர்தானேம்மா, எனக்குத் தெரியாதா" என்றேன். "தூரம் அவ்வளவுதான் சார், ரோடுதான் அப்படி இல்ல" என்றாள். நான் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டேன்.

டாக்ஸி பிடித்துப் போய்ப் பெட்டியை எடுத்தேன். அப்படியே திரும்பியிருந்தாலாவது ஒருவேளை பிடித்திருப்பேன். அங்கேயே கழிப்பறையில் நின்று முகம் கழுவி, சட்டை மாற்றி, கோட்டைப் போட்டு, டை கட்டினேன். டை ஒரு பக்கம் நீளமாக வந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது மாப்பிள்ளை. என் மகள் அங்கே நாளைக்குக் காலை யாரை எதிர்பார்த்து வாசலைப் பார்ப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் அந்த டையைக் குப்பையில் போட்டிருப்பேன். நான் நினைத்தது முடிச்சு நேராக இருக்கிறதா என்று.

திரும்பிப் போனபோது கவுண்டர் மூடியிருந்தது. அந்தப் பெண் மட்டும் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கோட்டோடு மேலும் கீழும் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போயிடுச்சு சார்" என்று மட்டும் சொன்னாள். நாளைக்கு இதே நேரத்துக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதில் இடம் போட்டுத் தருகிறேன் என்றாள். கல்யாணம் காலையில் முடிந்துவிடும்.

அரை மணி நேரம் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன் பண்ணினேன். உண்மையைச் சொல்லத்தான் பண்ணினேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ. போனைக் காதில் வைத்ததும் எனக்குப் பெரிய மனுஷக் குரல் வந்துவிடும், அது பழக்கம். "ஃப்ளைட் ரத்தும்மா. ஒரே பனிமூட்டம், ஒண்ணும் தெரியல" என்று அந்தக் குரல் சொன்னது. கண்ணாடிக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள், "நீங்க என்னப்பா பண்ணுவீங்க, அதுக்காக வருத்தப்படாதீங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு என்னால் மறுநாள் விமானத்தில் ஏற முடியவில்லை. போயிருந்தால் ஒரு நாள் பிந்தியாவது உங்கள் இருவரையும் பார்த்திருப்பேன். பொய் சொன்ன வாயோடு அவள் முன்னால் போய் உட்கார்ந்து, அவள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட வேண்டுமே என்று பயந்து ஊருக்குத் திரும்பிவிட்டேன். என் இடத்தில் உங்களோடு வேலை செய்கிற நண்பர் பெண் வீட்டுச் சாட்சியாகக் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். என்ன காரணம் என்று மட்டும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு முடிந்தால்.

உங்கள் அத்தை கதவைத் திறந்தாள். அவளுக்கும் பனிமூட்டக் கதைதான். அவள் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வெளியே போட்டாள். சட்டையை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து அதை ஊறவைத்தாள். உங்கள் கடிதம் வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மறுநாள் கடையைத் திறந்ததும் தையல்காரர் ஓடி வந்தார். "என்ன பைலட் சார், கோட்டு எப்படி? சம்பந்தி வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றார். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டேன். அதோடு நின்றேனா? கல்யாணம் எப்படி நடந்தது, நீங்கள் எவ்வளவு உயரம், மகள் என்ன கலரில் உடுத்தியிருந்தாள் என்று வர்ணித்தேன். அவர் ஈரக் கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பெரிய இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் வாயில் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

இதுவரை நேற்று எழுதினேன். எழுதியதை உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "சரி, அங்க இருக்கிறவருக்கு எழுதியாச்சு. பக்கத்துக் கடையில இருக்கிறவருக்கு யார் எழுதுவாங்க?" என்றாள். இன்று காலை தையல் கடைக்குப் போனேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. நான் பேசப் பேசத் தைத்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும், "அப்ப பாப்பா என்ன கலர் உடுத்தியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். துணியைத் திருப்பிப் போட்டு மறு ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன். இனி அவர் என்னைப் பைலட் என்று கூப்பிடுவாரா என்று தெரியாது. கூப்பிடாமல் இருந்தால் நல்லது.

மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் இன்னும் போகவில்லை. நாளைக்குப் போவேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். நேராக அவளுக்கே எழுதத் தைரியம் இல்லாமல்தான் உங்களுக்கு எழுதினேன், அதையும் சொல்லிவிடுங்கள். எனக்காக நீங்கள் சொன்னதை எத்தனை நாள் கட்டிக் காப்பீர்கள்? புதுசாகக் குடித்தனம் ஆரம்பித்த வீட்டில் என் பொய்யை ஒரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டாம். நீங்கள் போர்டில் பார்த்ததாகச் சொன்னதற்கு அவள் உங்களைக் கோபித்துக்கொண்டால், எல்லாம் உங்கப்பாவால் வந்தது என்று என் தலையில் போடுங்கள். அது நியாயமும்கூட.

அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கொடுக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில், சாப்பிட்டு முடித்த பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் படித்தால் அப்புறம் சாப்பிடமாட்டாள், அவள் அம்மா மாதிரி. கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். அலமாரியில் இருக்கிற துணியை எல்லாம் எடுத்துப் போட்டுத் திரும்ப மடிப்பாள். அப்போது பேச்சுக் கொடுக்காமல் நீங்களும் கூட உட்கார்ந்து மடியுங்கள். இதெல்லாம் உங்களிடம் நேரில், கல்யாணத்தன்று, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

படித்து முடித்துவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எனக்கு எழுதுங்கள். திட்டினால் திட்டியதை எழுதுங்கள். என் மனசு நோகும் என்று ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்க வேண்டாம். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரிகிறது, இருந்தாலும் செய்யுங்கள். வா என்று சொன்னால் அடுத்த விமானத்தில் வருகிறேன். வாந்தி வந்தால் வரட்டும். வர வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இருவரும் ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் என் ஜாடையில் இருந்தாலும் பரவாயில்லை, குணத்தில் உங்களைக் கொண்டிருக்கட்டும்.

கடிதத்தில் என்னை மாமா என்று எழுதியிருந்தீர்கள். எழுதும்போது உங்களுக்குப் பாதிதான் தெரியும். இப்போது முழுக்கத் தெரிந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை நானாக அப்படிக் கையெழுத்துப் போடவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். என்ன போட வேண்டும் என்று என் மகளைக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,